சாயம் போன பழம்

1. எலியம்மா

லேபில் சேர்ந்த முதல் நாள் சார் என் சர்டிபிகேட்டைப் பார்க்கவில்லை. "எலின்னா பயமா?" என்று கேட்டார்.

"தொட்டதில்ல சார்."

"தொட்டியான்னு கேக்கல. பயமான்னு கேட்டேன்."

பயம்தான் என்று ஒப்புக்கொண்டேன். "நல்லது. பயப்படறவ மெதுவாப் புடிப்பா. எலிக்கும் அதுதான் வேணும்" என்று சொல்லி, கூண்டுப் பக்கம் கையைக் காட்டினார்.

எண்பதுகளின் தொடக்கம் அது. சேலத்தில் ஒரு கண் ஆஸ்பத்திரியின் பின்கட்டில் இரண்டு அறைகள்தான் லேப். முன்பக்கம் சார் நோயாளிகளைப் பார்ப்பார். பிற்பகலில் பின்பக்கம் வந்து எங்களைப் பார்ப்பார். என் கணவருக்கு ஏற்காட்டில் பள்ளிக்கூட வேலை என்பதால் வீடு மேலே, வேலை கீழே. காலை பஸ்ஸில் இறங்கி, சாயங்கால பஸ்ஸில் ஏறுவேன். என்ன வேலை என்று கண்டக்டர் ஒருமுறை கேட்டார். எலியின் கண்ணை ஆராய்கிறோம் என்றேன். அன்றிலிருந்து, "எலியம்மா ஏறியாச்சுங்களா? ரைட் போலாம்" என்றுதான் விசில் ஊதுவார். நான் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரி, இந்த ஊர்ப் பேச்சும் கிண்டலும் எனக்குப் புதிது. முதலில் கோபம் வந்தது. பிறகு பழகிவிட்டது.

என்ன ஆராய்ந்தோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். விழித்திரையின் உள்பக்கம் ஒரு வரிசை நரம்புச் செல்கள் உண்டு. கேங்லியான் செல் என்போம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நீண்ட வால். அத்தனை வாலும் ஒரே கட்டாகச் சேர்ந்து, கண்ணின் பின்னால் வெளியேறி மூளைக்குப் போகின்றன. அந்தக் கட்டுதான் பார்வை நரம்பு. அதில் இன்ஃபிளமேஷன் வந்தால் பார்வை மங்கும். பெரும்பாலும் சில வாரங்களில் அது தணியும், பார்வையும் திரும்பும். நரம்பின் மேலுறைதான் கெடுகிறது, செல்லுக்கு அவ்வளவாக ஒன்றும் ஆவதில்லை என்கிற தொனியில்தான் நான் படித்த புத்தகங்கள் பேசின. சாருக்கு அதில் சந்தேகம். அவர் இன்ஃபிளமேஷன் என்றும் சொல்ல மாட்டார், அழற்சி என்றும் சொல்ல மாட்டார். வீக்கம் என்பார்.

"திருடனைப் புடிக்க உட்ட நாய் ஊட்டுக்காரனையே கடிக்குது. அதுக்குப் பேருதான் வீக்கம். நாயைக் கட்டிப் போட்டாச்சுன்னு எல்லாரும் சந்தோசப்படறாங்க. ஊட்டுக்காரன் உள்ள உசுரோட இருக்கானான்னு யாராச்சும் எட்டிப் பார்த்தாங்களா?"

எட்டிப் பார்ப்பதுதான் என் வேலை. நரம்பில் வீக்கம் வரவழைத்த எலியின் கண்ணை ஃபார்மலினில் போட்டு, மெழுகில் புதைத்து, மைக்ரோடோமில் முடியை விட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் செல்களை எண்ணுவேன். கையில் ஒரு கவுண்டர், ஒரு செல்லுக்கு ஒரு கிளிக். பகலெல்லாம் கிளிக் செய்துவிட்டு இரவில் சோறு பரிமாறும்போது கட்டைவிரல் தானாக அசையும்.

2. நாகலூரில் ஒரு கேள்வி

காபி அறுவடை நேரத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏற்காட்டு மலையில், நாகலூர்ப் பக்கத்து எஸ்டேட் ஒன்றில் கண் முகாம் போட்டார்கள். சார் என்னையும் அழைத்துப் போனார். வருபவர்களிடம் முதல் கேள்வி கேட்டு உள்ளே அனுப்புவது என் பொறுப்பு.

பழனியம்மாள் இடுப்பில் கைக்குழந்தையோடு வந்து நின்றாள். பழம் பறிக்கிறவள். முப்பது வயதுக்குள் இருக்கும்.

"கண்ணு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"ரெண்டு நாளா வயித்தால போச்சுங்க. இன்னிக்குத் தேவலைங்க."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "கண்ணு... வயித்தால போச்சா?"

"ஆமாங்க. பாலு குடுத்தாக்கூட நிக்கலீங்க."

பின்னால் நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். இந்தப் பக்கத்தில் குழந்தைக்குப் பெயரே கண்ணுதான். "ஏனுங்க டாக்டரம்மா, அவ புள்ளயச் சொல்றாளுங்க" என்று ஒருத்தி எடுத்துக்கொடுத்தாள். "ஏய் பழனி, உன்ற கண்ணைக் கேக்கறாங்கடி, முழியை!"

"என்ற கண்ணுங்களா? அதுக்கு ஒண்ணுமில்லீங்க. நான் கண்ணுக்கு வரலீங்க. ரைட்டரு போகச் சொன்னாருன்னு வந்தேன்."

கணக்கு எழுதும் எஸ்டேட் ரைட்டர் அங்கேதான் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். "பச்சைக் காயாப் பறிச்சுக் கொட்டறாளுங்கம்மா. பல்ப்பர்ல போட்டா தோல் உரியறதில்ல. மேஸ்திரி சத்தம் போட்டும் கேக்கல. இனிமே பழம் பறிக்க வேண்டாம், களை எடுக்கப் போன்னு சொல்லியாச்சு. அதுக்கு முன்னால கண்ணைக் காட்டிட்டு வான்னேன்."

"நான் என்னங்க பண்ணட்டும்?" பழனியம்மாள் குரலை உயர்த்தினாள். "இந்த வருசம் பழத்துக்குத்தான் சீக்கு. சாயம் போயிக் கெடக்குது. பழமும் காயும் ஒரே மாதிரி தெரிஞ்சா நான் எதைப் பறிக்க, எதை உட?"

நான் அதை அப்படியே எழுதினேன். காபிச் செடியில் நோய், கண்ணில் குறை இல்லை. சார் அட்டையைப் படித்தார். பிறகு ரைட்டரிடம், "நல்லாப் பழுத்த பழம் ஒண்ணு கொண்டாங்க" என்றார்.

பழனியம்மாளின் வலது கண்ணில் வெள்ளைத் தழும்பு இருந்தது. சிறு வயதில் கிளை குத்தியது. அதில் எல்லாமே புகை மூட்டமாகத்தான் தெரியும். "அந்தக் கண்ணை நான் கணக்குலயே வெக்கறதில்லீங்க" என்றாள். இடது கண்ணால்தான் அவள் பிழைப்பு. சார் நல்ல கண்ணை மூடச் சொல்லி, தழும்புக் கண்ணுக்கு முன்னால் பழத்தைப் பிடித்தார்.

"என்ன நெறம்?"

"அட! செவப்புங்க. நல்ல செவப்பு. மங்கலாத்தான் தெரியுது, ஆனாச் செவப்பு."

"இப்ப அந்தக் கண்ணை மூடிட்டு இதுல பாரு."

பழனியம்மாள் பார்த்தாள். கையை மாற்றி மாற்றி மூடிப் பார்த்தாள். பழத்தை யாரோ மாற்றிவிட்டார்களா என்று சார் கையைக் கூடப் பார்த்தாள்.

"துவைச்சுத் துவைச்சு வெளுத்துப்போன சீலை மாதிரி இருக்குதுங்க. அப்பப் பழத்துக்குச் சீக்கு இல்லீங்களா?"

"இல்லம்மா."

எனக்கு அது பெரும் வியப்பாக இருந்தது. மங்கிய கண் சிவப்பைச் சொல்கிறது, எழுத்துப் பலகையை ஏறக்குறைய முழுவதும் படித்த கண் சொல்லவில்லை. பார்வை நரம்பில் வீக்கம் வந்தால் பல பேருக்கு முதலில் வெளுப்பது சிவப்பு என்று நான் படித்திருந்தேன். படித்தவள்தான் "செடியில் நோய்" என்று எழுதினேன்.

மறுநாள் காலை எலியம்மாவோடு பழனியம்மாளும் கீழே இறங்கினாள்.

3. பச்சை வெளிச்சம்

சில வாரம் மாத்திரை சாப்பிட்டாள். சிவப்பு திரும்பியது. எழுத்துப் பலகையின் கடைசி வரி வரை படித்தாள். ரைட்டரும் அவளைப் பழம் பறிக்கவே விட்டுவிட்டார். எல்லோருக்கும் மகிழ்ச்சி.

கடைசியாக அவள் வந்த அன்று, சார் என்னை இருட்டறைக்குக் கூப்பிட்டு, கண்ணின் உள்ளே பார்க்கும் கருவியில் பச்சை ஃபில்டரைப் போட்டார். சாதாரண வெளிச்சத்தில் விழித்திரை ஆரஞ்சு நிறமாக மட்டும் தெரியும். பச்சை வெளிச்சத்தில் செல்களின் வால்களே தெரியும். வீணைத் தந்தி போல, வெள்ளி நிறத்தில், நரம்பின் தலைப்பகுதியை நோக்கி வளைந்து வளைந்து போகும் கோடுகள். முதல்முறை பார்த்தபோது மூச்சு விட மறந்துவிட்டேன்.

"நடுவுல என்ன தெரியுது?"

"கருப்பா ஒரு கோடு சார். இல்ல, ரெண்டு. பிளவு மாதிரி."

"அது கோடு இல்ல. கோடு இல்லாத இடம்."

பழனியம்மாள் போன பிறகு சொன்னார்: "பார்வை வந்துருச்சு. செல்லு போயிருச்சு. ரெண்டும் ஒரே கண்ணுல. இப்ப எதை நம்பறது? நாயைக் கட்டின பொறவும் ஊட்டுக்காரன் ஏன் சாகறான்?"

அடுத்த பல வருடங்களுக்கு எங்கள் வேலையே அந்தக் கேள்விதான். எங்கள் எலிகளிலும் அதைப் பார்த்தோம். வீக்கம் வடிந்து, நரம்பு பார்க்கச் சுத்தமாகிவிட்ட பின்னும் செல் வரிசையில் இடைவெளி விழுந்துகொண்டே இருந்தது. யார் கொல்கிறார்கள்? வீக்கம் விட்டுச் சென்ற ஏதாவதா? வால் அறுந்ததால் தலை சாகிறதா? இந்தக் கேள்விகளோடு பஸ்ஸில் ஏறினால், வளைவுகள் இருபதும் போனதே தெரியாது.

4. செம்மண்

அப்படிச் சில வருடங்கள் போயின. எங்கள் மகள் சுதா அப்போது ஏழாம் வகுப்பு. ஜூன் மாதம், வெளியே மூடுபனி. முழங்கையை ஊன்றி, வலது கண்ணை உள்ளங்கையில் புதைத்தபடி, இந்திய வரைபடத்தில் மண் வகைகளுக்கு நிறம் தீட்டிக்கொண்டிருந்தாள். நான் அடுப்படியில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன்.

"அம்மா, இந்த ஸ்கெட்ச் பேனா சுத்த மோசம். வேற வாங்கிக் குடு."

"புதுசுதானேடி?"

"செம்மண்ணுக்கு அடிச்சா வண்டல் மண்ணு மாதிரி வருது. அந்தக் கடைக்காரர் ஏமாத்திட்டார். சாயம் போன பேனா."

கல்லில் தோசை கருகும் வாசனை வந்தது. நான் அந்த மூன்று சொற்களையே கேட்டுக்கொண்டு நின்றேன்.

பிறகு ஒரு தக்காளியை எடுத்துக்கொண்டு போனேன். "ஒரு விளையாட்டு. இந்தக் கண்ணை மூடு. இது என்ன?"

"தக்காளி."

"இப்ப இதை மூடு."

"தக்காளிதான்." அவள் கொஞ்சம் நிறுத்தினாள். "ஆனா பழைய தக்காளி. ஏம்மா இப்படி இருக்கு?"

"கண்ணை மேல உருட்டினா வலிக்குதா?"

"லேசா. நேத்திலிருந்து. ஏன், உன் எலிக்கும் இப்படித்தான் வலிக்குமா?"

அவள் சிரித்தாள். அவள் அப்பா உள்ளே வந்து, ஏன் இப்படி வெளுத்துப் போய் நிற்கிறாய் என்று என்னைக் கேட்டார். என்ன நோய் என்பது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. அறிவுக்கு அது நல்லது. ஒரு தாய்க்கு அது நல்லதா என்று இன்று வரை தெரியவில்லை. மற்ற அம்மாக்கள் பார்வை திரும்ப வேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். எனக்கு அதற்கு அப்புறம் என்ன என்பதும் தெரிந்திருந்தது.

மறுநாள் முதல் பஸ். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண் எழுதிய பலகை வரும். நல்ல கண்ணை மூடி அதைப் படிக்கச் சொன்னேன். மேலே சில வளைவுகள் வரை படித்தாள். அதற்குக் கீழே, "பலகை இருக்கும்மா, நடுவுல யாரோ கட்டைவிரலை வெச்சு அழிச்ச மாதிரி இருக்கு" என்றாள். கண்டக்டர் டிக்கெட் கிழிக்க வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு, எலியம்மா என்று கூப்பிடாமலே போய்விட்டார்.

5. யார் எண்ணுவது

சார் சுதாவை நெடுநேரம் பார்த்தார். சந்தேகமில்லை, இடது பார்வை நரம்பில் வீக்கம்.

"மாத்திரை குடுத்தா வீக்கம் சீக்கிரம் வடியும். செல்லு பொழைக்குமான்னு உனக்கே தெரியும்."

"தெரியாது சார்."

"எனக்கும் தெரியாது. யாருக்கும் தெரியாதுங்கறதைத்தான் உனக்குத் தெரியும்னு சொன்னேன்."

பச்சை வெளிச்சத்தில் பார்க்கிறாயா என்று கருவியை நீட்டினார். வேண்டாம் என்று தலையசைத்தேன்.

அந்தக் கேள்விக்கான பதில் என் மேசையிலேயே இருந்தது என்பதுதான் கொடுமை. சுதாவுக்கு எழுதிக்கொடுத்த அதே மருந்தைக் கொடுத்த எலிகள், கொடுக்காத எலிகள் என்று இரண்டு கூட்டத்தின் ஸ்லைடுகளும் ஒரே பெட்டியில் எண்ணுவதற்காகக் காத்திருந்தன. எது எந்தக் கூட்டம் என்று தெரியாதபடி ஒட்டுத்தாளில் எழுத்து மட்டும். அதன் விவரம் சாருக்குத்தான் தெரியும்.

வீட்டில் சுதா மாத்திரை சாப்பிட, நான் லேபில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினேன். மூன்றாவது ஸ்லைடில் ஒரு செல் வந்தது. கரு சுருங்கியிருந்தது. உயிருள்ளதா, செத்ததா என்று சொல்ல முடியாதது. இப்படிப்பட்டவை எப்போதும் வரும், அதற்கென்று விதிகள் வைத்திருக்கிறோம். கிளிக் செய்தேன். அடுத்ததும் சந்தேகம். கிளிக். அதற்கடுத்ததும். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன், சாகக் கிடந்த செல்லை எல்லாம் பிழைத்ததாக என் கட்டைவிரல் எண்ணிக்கொண்டிருந்தது.

பழனியம்மாள் பழத்துக்குச் சீக்கு என்றாள். சுதா பேனா மோசம் என்றாள். அன்று எனக்கு ஸ்லைடுகள் எல்லாம் நல்லதாகத் தெரிந்தன. அதுவும் அதே நோய்தான்.

கவுண்டரை எடுத்துப் போய் எங்கள் டெக்னீசியன் தங்கவேலுவிடம் கொடுத்தேன். "ஏனுங்கம்மா, பாதியில உடறீங்க?" என்றார்.

"என்னால இதை எண்ண முடியாது தங்கவேலு. முதல்லேருந்து நீங்க எண்ணுங்க. நான் எண்ணினதைப் பார்க்காதீங்க."

அவருக்குச் சுதாவைப் பற்றித் தெரியும். "சேரிங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு, "நல்ல சேதி வந்தா மொத உங்ககிட்டத்தான் சொல்லுவேன்" என்றார்.

"கெட்டதா வந்தாலும் முதல்ல எங்கிட்டதான் சொல்லணும்."

எண்ணி முடித்து, எந்த எழுத்து எந்தக் கூட்டம் என்று சாரிடம் கேட்டுக்கொண்டு வந்து சொன்னார். மருந்து கொடுத்த எலிகளில் வீக்கம் சீக்கிரம் வடிந்திருந்தது. செல் வரிசையில் விழுந்த இடைவெளி மட்டும் இரண்டு கூட்டத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். அன்று சாயங்கால பஸ்ஸில் நான் எதையும் யோசிக்கவில்லை. வளைவுகளை மட்டும் எண்ணினேன்.

6. ஒரு கம்பி

சுதாவின் பார்வை திரும்பியது. இறங்கும்போது எல்லாப் பலகையையும் இடது கண்ணால் படித்தாள். கடைசிப் பரிசோதனைக்குப் போன அன்று ஏற்காடு பஸ் ஸ்டாண்டில் பழனியம்மாளைப் பார்த்தோம். இடுப்புக் குழந்தை வளர்ந்து பக்கத்தில் நின்றிருந்தது. விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சுதாவின் முகவாயைப் பிடித்து நிமிர்த்தினாள்.

"பயப்படாத கண்ணு. எனக்கு முழுசா வந்துருச்சுல்ல? இப்பவும் பறிக்கப் போனா மொதப் பழத்தை இந்தக் கண்ணுல ஒருக்கா, அந்தக் கண்ணுல ஒருக்கா பார்த்துட்டுத்தான் கூடையில போடுவேன். மேஸ்திரி கிண்டல் பண்ணுவாரு, பழத்துக்குக் கண்ணடிக்கறியா பழனின்னு."

சுதா விழுந்து விழுந்து சிரித்தாள். முழுசா வரவில்லை பழனியம்மா, உள்ளே இரண்டு கருப்புப் பிளவுகள் இருக்கின்றன, நான் பார்த்தேன் என்று என் வாய் வரை வந்தது. சொல்லவில்லை. பயந்ததால் மட்டும் இல்லை. செல் போனதும் உண்மை, கூடை கூடையாய் அவள் சிவப்புப் பழம் பறித்ததும் உண்மை. என்னிடம் முதல் உண்மையைப் பார்க்கத்தான் கருவி இருந்தது. மிச்சம் இருக்கும் செல்கள் எப்படி அத்தனை வேலையையும் ஏற்றுக்கொள்கின்றன என்ற கேள்வியை நாங்கள் கேட்கவே ஆரம்பிக்கவில்லை என்று அன்றுதான் உறைத்தது.

இருட்டறையில் சார் மறுபடி கருவியை நீட்டினார். இந்த முறை வாங்கிக்கொண்டேன்.

பச்சை வெளிச்சத்தில் என் மகளின் கண். வெள்ளிக் கோடுகள் நெருக்கமாக, இளமையாக, பழனியம்மாளுடையதை விடப் பளபளப்பாக இருந்தன. ஒரு இடத்தில் மட்டும், மெல்லியதாக, கோடு இல்லை.

"அம்மா, கண்ணு கூசுது. உள்ள என்ன தெரியுது?"

சார் என்னைப் பார்த்தார். நான் உண்மையைச் சொல்லத் தீர்மானித்தேன்.

"வெள்ளிக் கம்பி மாதிரி நிறையத் தெரியுது. ஒரு இடத்துல ஒரு கம்பி இல்ல."

"ஒண்ணுதானே?"

அந்த ஒரு பிளவில் எத்தனை செல்கள் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். "ஒண்ணுதான்" என்றேன்.

"அப்ப உடு. பஸ்ஸு போயிரும்."

வருடங்கள் ஓடிவிட்டன. அந்தக் கண்ணிலோ அடுத்த கண்ணிலோ வீக்கம் மறுபடி வரலாம், வராமலும் போகலாம். அதைச் சொல்லும் கருவி எங்களிடம் இல்லை. ஒரு செல் எப்போது, எதனால் சாக முடிவெடுக்கிறது என்பதும் இன்னும் முழுதாகத் தெரியாது. அதற்காகத்தான் உங்களைப் போன்ற புதியவர்கள் லேபுக்கு வருகிறார்கள். வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கண் எப்படி இருக்கிறது என்று யாரிடமும் கேட்காதீர்கள். யாரும் தன் கண்ணைப் பார்ப்பதில்லை, கண்ணால்தான் பார்க்கிறார்கள். பழம் எப்படி இருக்கிறது, பேனா எப்படி எழுதுகிறது என்று கேளுங்கள். பதில் விசித்திரமாக இருந்தால் அதை அப்படியே எழுதுங்கள், ஆனால் அத்தோடு விட்டுவிடாதீர்கள். எண்ணுகிற கட்டைவிரல் உங்களுடையது என்பதையும் மறக்காதீர்கள்.

சுதா இப்போது கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிறாள். ஞாயிறுதோறும் போன் செய்வாள். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு, அடுத்து எதைக் கேட்பேன் என்பது அவளுக்குத் தெரியும். நான் வாயைத் திறப்பதற்குள் சொல்லிவிடுவாள்:

"புதுத் தக்காளிதாம்மா. ரெண்டு கண்ணுலயும்."